தங்கையின் அளவு

நான் தச்சன். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் உட்கார்ந்திருக்க ஆண்டுதோறும் கொடுக்கும் மரக் கதிரைகளை நான்தான் செய்தேன். இரணைமடுப் பக்கம் ஒரு பையனுக்குக் கால்கள் முறுகியிருந்தன. அவனைத் தொடப் பயந்து, அதே உயரமுள்ள அவன் தங்கையை இருத்தி அளவெடுத்தேன். தாய் அளவு நாடாவின் மறுநுனியைப் பிடித்துத் தந்தார்.

அடுத்த ஆண்டு போனபோது பையன் பாயில் கிடந்தான்.

"கதிரை எங்கை?" என்று தாயிடம் கேட்டேன்.

"தங்கச்சிதான் அதில இருந்து படிக்கிறாள், அண்ணை. இவனை இருத்தினால் சரிஞ்சு விழுறான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் அதையும் தராமல் விட்டிடுவியளோ எண்டு பயம்."

அவனைத் தூக்கி மடியில் இருத்தி அளவெடுத்தேன். விலாவில் நாடா பட்டதும் சிரித்தான். புதுக் கதிரை செய்து கொடுத்தேன்.

முந்திய ஆண்டுகளிலும் சில வீடுகளில் இப்படித்தான் வேறு பிள்ளைகளை இருத்தி அளவெடுத்திருந்தேன். சண்டையில் இடம்பெயர்ந்து போன அந்தச் சனம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.