முல்லா வீதியில் ஒரு ஜித்தா ஒப்பந்தம்

எங்கள் தெருவில் தஹ்ஸீனை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஆட்டோ ஓட்டும் ராஜவேல் ஒருநாள் முட்டிவலிக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்லி வாசலில் நின்று பேசியது மேலேவரை கேட்டது.

“நான் அந்த டாக்டர் இல்லப்பா.”

“அப்ப எந்த டாக்டரு?”

“ஒரு ஒப்பந்தத்த ஆராய்ச்சி பண்ணின டாக்டரு.”

“ஒப்பந்தத்துக்கு ஒடம்புக்கு என்னாவாம்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒப்பந்தத்தின் நோயை நிஜமாகவே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவர் இருந்தார்.

தஹ்ஸீன் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். நிரந்தர வேலை கிடையாது. அம்மா இறந்த பிறகு வீட்டில் தனி. அவர் முனைவர் பட்டம் வாங்கியது அரேபியாவின் நஜ்து மன்னரோடு ஆங்கிலேயர் நடத்திய பேச்சுவார்த்தையைப் பற்றி. மக்காவும் மதீனாவும் மன்னர் கைக்கு வந்துகொண்டிருந்த காலம். அடக்கத்தலங்களில் வேண்டுவது தவறு என்று மதீனாவில் அவற்றின் குவிமாடங்கள் இடிக்கப்பட்ட காலமும் அதுதான். ஒரு பக்கம் எல்லைகளை வரையவேண்டும். இன்னொரு பக்கம் ஆங்கிலேய ஆட்சியில் இருந்த முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்குத் தடையில்லாமல் போய்வர மன்னரிடம் உறுதி வாங்கவேண்டும். ஆங்கிலேயத் தூதர் கூடாரத்தில் மன்னரோடு உட்கார்ந்து காப்பி குடித்தார், பேசினார், மறுபடி காப்பி குடித்தார். அகபா, மஆன் என்ற இரண்டு எல்லை ஊர்கள் யாருக்கு என்பதில் மட்டும் முடிச்சு அவிழவில்லை. கடைசியில் 1927இல் ஜித்தாவில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த முடிச்சை அதற்குள் வைக்காமல் தனிக் கடிதங்களாகப் பிரித்துவிட்டார்கள். தகுந்த காலம் வரும்வரை இப்போது இருக்கும் நிலையே தொடரட்டும் என்றார் மன்னர். ஊர்கள் இரண்டும் அப்போது ஆங்கிலேயர் தாங்கிப் பிடித்த டிரான்ஸ்ஜோர்டான் வசம் இருந்தன. அப்படியே இருந்துவிட்டன.

இதைச் சொல்லும்போது தஹ்ஸீனின் கைகள் காற்றில் கூடாரம் கட்டும். கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. வேறு யாருக்கும் தேவைப்பட்டதுமில்லை, ஜாகிரும் நிஷாக்காவும் வரும்வரை.

அவர்கள் எதிர்வீட்டு அக்காவும் தம்பியும். ஜஹபர் நிஷா கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஜாகிர் ரியாத்தில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். வாப்பா மறைந்ததும் வீட்டைப் பிரிக்கவேண்டியிருந்தது. மார்க்கப்படி தம்பிக்கு இரண்டு பங்கு, அக்காவுக்கு ஒன்று. அதில் சண்டை இல்லை. சண்டை கொல்லையில் இருந்த பீபிம்மாவைப் பற்றி.

பீபிம்மா இவர்கள் வம்சத்தில் எப்போதோ வாழ்ந்து மறைந்த பெண். வேப்பமரத்தடியில் பச்சைப் போர்வை மூடிய சிறிய அடக்கம். வியாழக்கிழமை அந்தி நேரத்தில் நிஷாக்கா அங்கே ஊதுபத்தி ஏற்றி, சர்க்கரை வைத்து பாத்திஹா ஓதுவார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கு வெளியே பிள்ளைச்சாவடியிலிருந்துகூடப் பெண்கள் வருவார்கள். ஓதி முடித்தபின்னும் நிஷாக்கா எழமாட்டார். மற்ற நாளெல்லாம் ஒரு சொல், இரண்டு சொல் என்று பேசுகிறவர் அங்கே உட்கார்ந்து சின்னக் குரலில் பேசிக்கொண்டே இருப்பார்.

ஜாகிருக்கு அது ஒப்பவில்லை. “கபுருகிட்ட கேக்கறது தப்பு தஹ்ஸீன். நாளைக்கு மறுமையில என்னத்தான கேப்பாங்க” என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். அதோடு கொல்லைப்பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகள் கட்டும் எண்ணமும் இருந்தது.

“வாப்பா இருந்தவரைக்கும் வாயத் தொறந்தியாடா?” என்றார் நிஷாக்கா.

“அவரு இருந்தாரு, தொறக்கல.”

“இப்ப நான் இல்லியா?”

தஹ்ஸீன் வீட்டுக் கூடத்தில்தான் பேச்சு நடந்தது. அவரே காப்பி போட்டுக் கொடுத்தார். முதல்நாள் அக்கா அழுதார். அடுத்தநாள் தம்பி கோபித்துக்கொண்டு எழுந்து போனார், அவரை ராஜவேல்தான் ஆட்டோவில் கூட்டிவந்தார். மூன்றாவது தடவை தஹ்ஸீன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“சுவரு எங்கன்னு இன்னிக்கு முடிச்சிடலாம். பீபிம்மா விஷயத்த தனியா ஒரு தாள்ல எழுதிக்குவோம்.”

கொல்லை ஜாகிர் பங்கில் விழுந்தது. தனித்தாளில் தஹ்ஸீன் எழுதினார்: ‘பீபிம்மா அடங்கிய இடத்தைப் பொறுத்தவரை, தகுந்த காலம் வரும்வரை இப்போது இருக்கும் நிலையே தொடரும்.’

நிஷாக்கா அதை இரண்டுமுறை படிக்கச்சொல்லிக் கேட்டார். “அப்ப நான் போய்க்கலாம்தான?”

“இருக்கறது அப்படியே இருக்கும்க்கா.”

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தெருவே பாராட்டியது. ஜாகிர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. “பெரிய கோர்ட்டெல்லாம் எதுக்கு, நம்ம டாக்டரம்மா போதும்” என்றார் ராஜவேல். அன்று மாலை தஹ்ஸீன் மாடிக்கு வந்து, ஜித்தாவில் நடந்ததை எனக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். முகம் புதிதாகக் கழுவியதுபோல இருந்தது.

நிஷாக்காவின் சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு உண்டு. பேச்சு நடந்தபோதே அங்கே சிமெண்டும் டைல்ஸும் இறக்கிய ஜாகிர் அதை அந்தப் பக்கமாகப் பூட்டியிருந்தார். வேலை முடிந்தால் திறப்பார் என்று நிஷாக்கா இருந்தார். அறைகள் எழும்பின. அரியாங்குப்பத்துக் கொத்தனார்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கதவு திறக்கவில்லை.

நிஷாக்கா தாளை எடுத்துக்கொண்டு தஹ்ஸீனிடம் வந்தார். தஹ்ஸீன் ஜாகிரிடம் போனார். அவர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“நான் எதயும் இடிக்கல தஹ்ஸீன். போர்வகூட மேல அப்படியேதான் கெடக்குது.”

“கதவத் தொறந்துவிடுங்க ஜாகிர் பாய்.”

“கையெழுத்துப் போட்ட அன்னிக்குக் கதவு எப்படி இருந்தது?”

தஹ்ஸீன் கண்ணாடியைக் கழற்றினார்.

“பூட்டியிருந்தது. இருக்கற நெல அதுதான? நீங்க எழுதினதுதான?” அவர் குரலில் குத்தல் இல்லை. “கெஸ்ட் இருக்கற எடத்துல பின்பக்கமா ஆளு பூந்து வர்றது சரிப்படாது. அக்கா என் வாசல் வழியா வரட்டும். ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டும். நான் வேணாம்னா சொல்லப்போறேன்?”

திரும்பிவந்த தஹ்ஸீன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கிய நான் படியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் எனக்காகச் சொன்னது போலத் தெரியவில்லை.

“இருக்கும் நிலைங்கறது கையில வச்சிருக்கறவனுக்குத்தான் லாபம். என் ஆராய்ச்சியோட முடிவே அதுதான். அந்த ஒரு வரிக்குத்தான் எனக்குப் பட்டம் குடுத்தாங்க. அன்னிக்கு பூட்டையும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எழுதினேன்.”

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

“பேச்சு முறிஞ்சிடுமோன்னு இருந்தது. முடிச்சுவச்சேன்னு பேரு வரணும்னு இருந்தது.”

மறுநாள் வியாழக்கிழமை. தஹ்ஸீன் நிஷாக்கா வீட்டுக்குப் போனார். தெருவுக்கே கேட்கும்படி வாசலில் வைத்துத்தான் பேசினார்கள்.

“தம்பி வாசல்ல நின்னு நான் கேக்கமாட்டேன். என் வாப்பா வூடு அது.”

“தப்பு என்மேலதான்க்கா. பூட்டு இருந்தது எனக்குத் தெரியும். இப்படி எழுதினா இப்படித்தான் ஆகும்னும் தெரியும்.”

“தெரிஞ்சா எழுதின?”

“தெரிஞ்சுதான்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டுவாட்டி கேட்டேனே தஹ்ஸீன்.”

ராஜவேல் ஆட்டோவுக்குள் தலை குனிந்துகொண்டார். நிஷாக்கா உள்ளே போய் ஊதுபத்திக் கட்டும், காகிதத்தில் மடித்த சர்க்கரையும் கொண்டுவந்து தஹ்ஸீன் கையில் வைத்தார்.

“நீ போய்க் கேளு. நீ போய்க் கொளுத்திட்டு வா. வாராவாரம்.”

“நான் அங்க என்னக்கா சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்லாத. எனக்காக நீ எழுதினது போதும். வாயத் தொறக்காம நின்னுட்டு வா.”

தஹ்ஸீன் தெருவைக் கடந்து ஜாகிரின் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார்.