கன்னத்தில் ஒதுக்கிய கற்கண்டு

வலிக்கு முன்னால் கூச்சம்தான் வந்தது. சூடான டீ இடது கடைவாயில் பட்டதும் சுரீரென்றது. எனக்கு அப்போது சளியும் காய்ச்சலும் இருந்ததால் பழியைக் காய்ச்சலின் தலையில் கட்டிவிட்டேன்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் எனக்குக் கமிஷன் கடை. செம்பட்டி, ஆத்தூர் பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் பூவை நான்தான் ஏலம் கூவுவேன். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறையும், விலை ஏறும். தை முகூர்த்தம் வரை தொண்டைக்கு ஓய்வே கிடையாது. அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

சித்தரத்தைத் துண்டோடு பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வது மார்க்கெட்டில் எல்லாரும் செய்வதுதான். நான் தூங்கும்போதும் ஒதுக்கிக்கொண்டேன். மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு விட்டேன். சளி மாத்திரையும் வாயைக் காயவைத்தது. போதாக்குறைக்கு, காய்ச்சல்காரன் பச்சைத் தண்ணீர் தொடக்கூடாது என்று பல் விளக்குவதையும் விட்டேன்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. "வெந்நி வச்சுத் தாரேன், வாயையாவது கொப்புளிச்சுட்டுப் படுங்க. பக்கத்துல வர முடியல."

"இப்பத் தொண்ட தேறுனாப் போதும். பல்லு எங்க போயிறப் போகுது?" என்றேன்.

தொண்டை தேறியது. கன்னம் வீங்கியது.

பல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பற்களில் முன்பே இருந்த சிறு சொத்தை ஆழமாகி, வேரடியில் சீழ் கட்டியிருந்தது.

"எச்சில்தான் பல்லுக்குக் காவல். வாயும் காஞ்சு, இனிப்பும் ராத்திரி பூரா ஊறுனா பல்லு என்ன செய்யும்? இப்பவே வேர் சிகிச்சை ஆரம்பிச்சா ரெண்டையும் காப்பாத்திரலாம்" என்றார். வேர் சிகிச்சை (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பையும் சீழையும் எடுத்துவிட்டு அடைப்பது) என்றால் சில முறை வரவேண்டும்.

வலப்பக்கம் எனக்கு மெல்லும் பற்கள் ஏற்கெனவே இல்லை. இடப்பக்கம் மிஞ்சியிருந்த இந்த இரண்டை வைத்துத்தான் மென்றுகொண்டிருந்தேன். அது தெரிந்தும், "முகூர்த்தம் கழியட்டும் டாக்டர். இப்ப யாவார நேரம்" என்றேன்.

"இப்ப எழுதித் தர்ற மாத்திரையில வலி அடங்கும், நோய் போகாது. அடங்கிருச்சேன்னு இருந்துறாதீங்க" என்று அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

வலி அடங்கியது. நான் இருந்துவிட்டேன். தை பிறந்து வியாபாரம் சூடுபிடித்திருந்தபோது, மதியச் சோற்றில் ஒரு பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்தது. மற்றதன் வேரைச் சீழ் தின்றிருந்தது. இரண்டையும் பிடுங்க வேண்டியதாயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்தபோது என் மேல் எனக்கே அப்படியொரு ஆத்திரம்.

சளிக் காலத்தில் இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். காய்ச்சலிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் பல் விளக்கலாம். இருமல் மருந்தோ மிட்டாயோ, இனிப்பு எதுவானாலும் பிறகு வாய் கொப்பளியுங்கள். கற்கண்டோடு தூங்காதீர்கள். அடிக்கடி தண்ணீர் குடித்து வாயை ஈரமாக வையுங்கள். கன்னம் வீங்கினால் சீசன் முடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

முன்பெல்லாம் கடையில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவேன். இப்போது ஒவ்வொரு கவளத்தையும் முன்பற்களால் அரைத்து, நாக்கால் நசுக்கி விழுங்க வேண்டியிருக்கிறது. சாப்பாடு ஒரு வேலையாகிவிட்டது. மனைவி எனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். நான் பாதி முடித்த பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வாள், இருவரும் ஒன்றாக எழுந்திருக்க. அவளுக்கும் அந்த நேரம் நல்ல பசிதான். கேட்டால், "பசிக்கல, நீங்க மெதுவாச் சாப்பிடுங்க" என்கிறாள்.