மல்லசமுத்திரம் பக்கம் திருப்பிய ஆண்டெனா

ஆண்டெனா தொழிலுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "இதைவிட நீளமா இல்லைங்களா?"

சிரிக்காதீர்கள், நீங்களும் இந்தக் கூட்டம்தான். மொட்டைமாடியில் டிவிக் கம்பியைத் திருப்பிக்கொண்டே "இப்பத் தெரியுதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியவர்கள், போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் எக்கி எக்கி நின்றவர்கள், எல்லோரும் எனக்குச் சொந்தம்தான். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

சேலம் அஸ்தம்பட்டியில் வாக்கி டாக்கி பழுது பார்த்து, ஆண்டெனா செய்து விற்கும் கடை என்னுடையது. கடைக்கு மேலேயே வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் வைத்திருப்பேன். இப்போது பதில் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

குடைக்கம்பி

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கடைசி ஷெட்டிலிருந்து வேலையாள் பேசினால் தீவனக் குடோனில் இவருக்குக் கேட்கவில்லையாம். அவருடைய வாக்கி டாக்கி செட்டுக்குப் பொருந்துகிற அளவில் ஒரு ஆண்டெனா கொடுத்தேன். அது அவர் எதிர்பார்த்ததைவிடக் குட்டை. முகம் வாடிப்போனது. வாங்கிக்கொண்டு போனவர், அதன் நுனியில் பழைய குடைக்கம்பி ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட்டார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். இப்போது கடைசி ஷெட் இருக்கட்டும், கேட்டில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஆண்டெனா செருப்பு மாதிரி, காலுக்குத் தக்க அளவில்தான் இருக்க வேண்டும், பெரிதாகப் போட்டால் தடுக்கித்தான் விழ வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம். அவர் குடைக்கம்பியைப் பிரித்துப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "என்னங்க அம்மிணி, பொண்ணு குடுக்கறதுன்னாலே பெரிய ஊடாப் பாத்துத்தானுங்க குடுக்கறோம், கம்பிக்கு மட்டும் அளவு பாக்கச் சொல்றீங்க!"

பேசாத பெட்டி

கல்யாண மண்டபத்து மேனேஜர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரிடமோ ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். பார்க்க வாக்கி டாக்கி மாதிரியேதான் இருந்தது. ஆனால் அது ஸ்கேனர். காற்றில் போகிற அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போகும், எங்கேயாவது பேச்சு இருந்தால் நின்று கேட்கும். அவ்வளவுதான். நாம் பேசுவதற்கு அதில் வழியே கிடையாது. இவரோ ஒரு முகூர்த்தம் முழுக்க அதை வாயருகில் வைத்துக்கொண்டு, "மூணாவது பந்திக்குச் சாம்பார் அனுப்பு" என்று கத்தியிருக்கிறார். சாம்பார் வரவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ரசத்தோடு எழுந்து போய்விட்டார்கள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் கடை ரொம்ப அமைதியாக இருந்தது. அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பெட்டியை என்னிடமே தள்ளிவிட்டு, நிஜமான வாக்கி டாக்கி இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொன்னது: "கேக்க மட்டும்தான் செய்யும், பேசாதுன்னா அதுக்கு எதுக்குங்க்கா ஒரு பெட்டி? எங்க ஊட்ல அந்த வேலையை நானேதானுங்க பாக்கறேன்!"

மலை வாயை மூடிக்கொண்டது

அந்தப் பெட்டி என் சமையலறை அலமாரிக்குப் போனது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி, செல்வம். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, நாங்கள் இருவரும் அந்த ரகம். கடையை ஆரம்பித்ததும் சேர்ந்துதான். பிறகு அவன் மாமனார் ஊரான மல்லசமுத்திரத்தில் வீடு கட்டிக்கொண்டு போனான். "கடையைச் சாத்திட்டு எங்களோட வந்துரு, பொம்பளை தனியா எதுக்குக் கெடந்து அல்லாடற?" என்றான். மாட்டேன் என்றேன். நான் சம்பாதித்து, நான் சாவி போட்டுப் பூட்டுகிற கடை அது. "அப்ப நீயாச்சு, உன்ற கம்பியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். மூன்று வருடம் ஆகிறது. அவனும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ரோஷத்தில் மட்டும் இருவரும் சரிக்குச் சரி.

ஆனால் காலையில் நண்பர்களோடு ரேடியோவில் பேசுவதை அவன் விடவில்லை. சிறிய செட்டின் குரலை வாங்கி ஊரெல்லாம் கேட்கிற மாதிரி திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று மலை மேல் இருந்தது. அதன் புண்ணியத்தில், நான் அடுப்படியில் நின்றபடியே அவன் குரலைக் கேட்பேன். மண்டபத்துக்காரர் கொடுத்த பெட்டி அதற்கு ரொம்பத் தோதாக இருந்தது. அதில் பதில் பேச முடியாது என்பதால், ஏன் பேசவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சினான், மோட்டார் எரிந்துபோனது, பையனுக்குக் காய்ச்சல். எல்லாம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒரு கோடை மழையில் இடி விழுந்து ரிப்பீட்டர் போனது. மறுநாள் காலை பெட்டியில் வெறும் இரைச்சல். காபி ஆறிப்போகும்வரை அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எங்கள் ரேடியோக் குழுவில் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற நண்பருக்குப் போன் போட்டுக் கொஞ்சம் கடுகடுவென்றே கேட்டேன், எப்போது சரியாகும் என்று. அவர் சொன்னார்: "மலை ஏறி வேலை செய்ய ஆள் கெடைக்கலீங்க்கா. அது வரைக்கும் அவங்கவங்க ஆண்டெனா, அவங்கவங்க பாடு."

கை பட்டால் எடுக்கும்

நாமக்கல்லில் ஹாஸ்டலோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து காவல் சூப்பர்வைசர் வந்தார். அவருடைய புகார், செட் கையில் இருந்தால் நன்றாகக் கேட்கிறது, மேஜை மேல் வைத்தால் கேட்கவில்லை. கடையிலேயே செய்து காட்டினார். பேய் பிடித்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆண்டெனாவுக்கு இரண்டு பாதி வேண்டும். மேலே நிற்கிற கம்பி ஒரு பாதி. கைச்செட்டில் இன்னொரு பாதி, அதைப் பிடித்திருக்கிற மனிதனின் உடம்பு. கையை எடுத்தால் பாதி போச்சு. அதற்குப் பரிகாரமாக ஆண்டெனாவின் அடியில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒயர் ஒன்றை வால் மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். மேஜை மேல் வைத்தாலும் இப்போது கேட்டது. அவர் அந்த வாலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மனுசன் கைக்குப் பதிலா ஒயரே போதுமுங்களா? அப்ப எங்க ஹாஸ்டல்ல புதுசா வந்த புள்ளைங்களுக்கு ஆளுக்கொன்னு கட்டி உட்ருங்க்கா, ஊட்ட நெனச்சு ஒரே அழுகைங்க."

மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர்

அவர் போனதும் என் ஸ்கேனருக்கும் ஒரு வால் கட்டினேன். இரைச்சலுக்குள் ஏதோ முணுமுணுப்பு, அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் நடுவில் கரடு என்கிற ஒரு பாறைக்குன்று, அதற்கு முன்னால் இந்த ஊரின் கட்டடங்கள் மொத்தமும். வாலை ஆட்டினால் இதெல்லாம் வழிவிடாது. எல்லாத் திசையிலும் கேட்கிற ஆண்டெனா எனக்குத் தேவையும் இல்லை. ஒரே திசையில் கேட்டால் போதும்.

கொத்தனார்கள் அளக்க வைத்திருப்பார்களே இரும்பு டேப், அதை மூன்று அளவில் வெட்டினேன். தண்ணீர்க்குழாய்ப் பைப்பில் குறுக்காக வரிசையாகப் பொருத்தி, நடுவில் உள்ளதை இரண்டாக்கி, பெயின்டைச் சுரண்டி, ஈயம் வைத்து, கேபிள் கோத்தேன். கேட்பதற்கு மட்டும் என்றால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பேசுவதற்கும் பொருந்துகிற மாதிரி சுத்தமாக வெட்டியிருந்தேன். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள்.

இனிமேல்தான் கஷ்டம். ஆண்டெனா திருப்புவது இரண்டு பேர் வேலை. மேலே ஒருத்தர் திருப்ப வேண்டும், கீழே ஒருத்தர் கேட்டுச் சொல்ல வேண்டும். செல்வம் இங்கே இருந்தவரை அவன் மேலே, நான் கீழே. "வருது, வருது, ஐயோ போச்சு, கொஞ்சம் திரும்பு" என்று கத்தி, சண்டை போட்டு, ஒருவழியாக நிறுத்துவோம். இப்போது நானே திருப்பிவிட்டு நானே கீழே ஓடி வந்து கேட்டேன். மறுபடி மேலே, மறுபடி கீழே. முழங்கால் விட்டுப்போனது. மாடிப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். முழங்காலுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கவிதாவைக் கூப்பிட்டேன். இந்தத் தெருவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, என் வீட்டுக் கதை எதுவும் தெரியாத பெண். ஸ்கேனரைக் கையில் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். தென்மேற்கே, மல்லசமுத்திரம் இருக்கிற திசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கீழேயிருந்து வெகுநேரம் சத்தமே இல்லை. திடீரென்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினாள்: "அக்கா, ஒருத்தர் பேசறாருங்க! இழுத்து இழுத்து, அப்படியே நீங்க பேசற மாதிரியே இருக்குதுங்க!"

யாராவது இருக்கீங்களா?

தினமும் காலையில் அவன் குரல் கேட்டது. இப்போது முன்பைவிடத் தெளிவாக, கிணற்றடியில் நின்று பேசுகிற மாதிரி. ஆனால் மலை உதவி இல்லாததால் அவன் குரல் மற்ற நண்பர்களுக்குப் போய்ச் சேரவில்லை, அவர்கள் குரலும் அவனுக்கு வரவில்லை. லைசென்ஸோடு ஆளுக்கொன்றாகத் தருகிற அடையாளப் பெயரான கால் சைனைச் சொல்வான். "யாராச்சும் கேக்கறீங்களா?" என்பான். நிறுத்தி, காத்திருப்பான். மறுபடி கூப்பிடுவான். அந்த இடைவெளியில் நான் தோசைக்கரண்டியோடு மூச்சுவிடாமல் நிற்பேன். பிறகு அவனாகவே, "இங்க மழை இல்லை, வெயில் தாங்கலை" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அணைத்துவிடுவான். நான் மட்டும்தான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவன் குரலும் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள், "இன்னைக்கும் யாரும் வரலைன்னா இதோட செட்டை யாருக்காச்சும் குடுத்தரலாம்னு இருக்கறேன். கடைசியா ஒருக்கா கூப்பிட்டுப் பாக்கறேன்" என்றான். செட்டை அவன் கொடுத்துவிட்டால் எந்த ஆண்டெனாவாலும் அவன் குரலைக் கொண்டுவர முடியாது. ஸ்கேனரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, கடைக்கு ஓடி, பேசுகிற செட்டை எடுத்து வந்து மாட்டினேன். அவசரத்தில் திருகு பிடிக்கவே இல்லை. பட்டனை அழுத்தி என் கால் சைனைச் சொன்னேன். அவ்வளவுதான், பட்டனை விட்டுவிட்டேன்.

இரைச்சல் மட்டும். போய்விட்டான் என்றே நினைத்தேன். எங்கள் ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதன்முதலில் பேசுகிறபோது யாராக இருந்தாலும், உன் குரல் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று சொல்லிவிட்டுத்தான், என்ன ஆண்டெனா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. மூன்று வருடம் கழித்து என் தம்பி "ஃபைவ் நைன்" என்றான். அதற்கு மேல் தெளிவு கிடையாது என்று அர்த்தம். "என்ன ஆண்டெனா போட்டிருக்கற?" என்றான். இரும்பு டேப், மூன்று துண்டு, பைப்பு, ஒவ்வொன்றின் அளவு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறாய் என்று கேட்டான். சொன்னேன். அவன் பட்டனை அழுத்தியதும் முதலில் பின்னால் மாடு கத்துவதுதான் கேட்டது. பிறகு சொன்னான்: "வேற பக்கம் திருப்பிராத சாமி, அப்படியே இருக்கட்டும்."

இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, நல்ல ஆண்டெனா கட்டடத்தைத் தாண்டும், கரட்டையும் தாண்டும், ஆனால் அக்கா தம்பி ரோஷத்தைத் தாண்டுவதற்கு யாராவது ஒருவர் பட்டனை அழுத்தித் தொலைக்க வேண்டும்.