ஏரிக்கரையில் ஒரு இரும்பு மூடி

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. வேலூர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிக் கையெழுத்துப் போட்டதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

என் பெயர் தீபலட்சுமி. கணவர் கங்காதரன், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் மேனேஜர். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னதால் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சத்துவாச்சாரியிலிருந்து கிளம்புவோம். கோட்டை அகழியை ஒட்டி ஒரு சுற்று, பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்து பேச்சு, திரும்பும்போது ஏரிக்கரை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க கம்பெனிக்குச் சொந்தமான மனிதர், அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் எனக்குக் கிடைப்பார்.

அது கார்த்திகை மாதம். முதல் நாள் பெய்த மழையில் அகழி நிறைந்திருந்தது. கோட்டைச் சுவரின் விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாக நடுங்கின. அவர் முன்னால், நான் பின்னால். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நடைபாதையில் மழைநீர்க் கால்வாய்க்கு வட்டமான இரும்பு மூடிகள் போட்டிருப்பார்கள். அவர் சைக்கிள் ஒரு மூடியைத் தாண்டியது.

டொக்... டொக்... டொக்...

பாட்டு நின்றது.

அதே மூடி மேல் நானும் ஏறினேன். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த மூடி. அவர் தாண்டினார். டொக்... டொக்... டொக்... யாரோ அடியிலிருந்து கையால் தட்டுவது போல. நான் தாண்டினேன். ஒன்றுமில்லை.

"ஏங்க, இன்னா சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. வா."

பூங்காவில் அவர் நிற்கவே இல்லை. அவ்வளவு குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரிடமிருந்து ஒரு வாடை வந்தது. பச்சைத்தோல் ஊறும் தொட்டியின் வாடை. குளித்துவிட்டுத்தானே வந்தார்?

"வீட்டுக்குப் போலாங்க."

"ஏரிக்கரை வழியா போலாம். அங்க மூடியே கிடையாது."

நான் மூடியைப் பற்றிப் பேசவே இல்லையே...

ஏரிக்கரை மண்பாதை. மேலே பனி. ஒரு தவளைகூடக் கத்தவில்லை. பாதி தூரத்தில் அவர் சடக்கென்று பிரேக் போட்டார். பாதைக்கு நடுவில், மண்ணில் பதிந்து... ஒரு இரும்பு மூடி.

போன வாரம் அது அங்கே இல்லை.

டொக்... டொக்...

"சார்... தொறங்க சார்... மூச்சு முட்டுது சார்..."

அது மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது.

என் கணவர் சைக்கிளை விட்டுவிட்டு மண்டியிட்டார். "கோபி... நான் வேணும்னு செய்யல... துரைசாமிதான்டா மூடினான்..."

"எந்த கோபிங்க?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

என் சைக்கிள் விளக்கு அணைந்தது.

ஒரு நொடி.

மறுபடி எரிந்தது.

அவர் இல்லை.

அவர் சைக்கிளின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூடி மூடியபடியே...

"தீபா... தொற... தீபா..."

அடியிலிருந்து. அவர் குரல்.

நகம் பிய்யப் பிய்ய இழுத்தேன். அசையவில்லை. நான் போட்ட கூச்சலில், அங்கே தினமும் நடக்க வரும் நிசார் பாய் ஓடிவந்தார். "எதம்மா இழுக்குறீங்க?" என்று டார்ச் அடித்தார்.

மூடி இல்லை. நான் வெறும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் அன்று ஏரி முழுக்கத் தேடியது. சாயங்காலம் ராணிப்பேட்டையிலிருந்து போன் வந்தது. ஞாயிறு என்பதால் கம்பெனி பூட்டியிருந்தது. கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். யாரும் உள்ளே வரவில்லை என்று சத்தியம் செய்தார். பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இருந்தார் என் கணவர். தலையில் சைக்கிள் ஹெல்மெட். தொட்டி வெளியிலிருந்து மூடியிருந்தது. ஏரிக்கரையிலிருந்து அந்த இடம் இருபது கிலோமீட்டருக்கு மேல்.

காரியம் முடிந்த மறுநாள் ஒரு பெண் வந்தாள். பெயர் பூரணி. கோபியின் மனைவி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அதே தொட்டிய கழுவ எங்க வீட்டுக்காரர உள்ள எறக்கியிருந்தாங்க. அந்த நேரம் பாத்து கவர்மெண்ட் ஆபீசருங்க வண்டி செக்கிங்குக்கு வந்துடுச்சு. ஆளு உள்ள இருக்கறது தெரிஞ்சா கேசாயிடும்னு, வண்டி போற வரைக்கும் மூடி வைடான்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. சூப்பர்வைசர் துரைசாமி மூடினான். ஆபீசருங்க டீ குடிச்சிட்டுப் பொறுமையாத்தான் போனாங்க. அப்புறம் எங்கிட்ட இன்னாவோ ஹார்ட் அட்டாக்னு சொல்லி ஒடம்ப குடுத்தாங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும்க்கா. அதான் எங்க வீட்டுக்காரர் உங்கள விட்டுட்டாரு."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று இன்ஸ்பெக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். கலவைக்கு ஓடிப்போய் ஒளிந்திருந்த துரைசாமியை நாலு நாளாகக் காணவில்லையாம். அவன் இருந்த அறையின் கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்ததாம். ஊர் ஊராகத் தேடுகிறார்கள்.

அந்தத் தொட்டிக்கு சீல் வைத்திருக்கிறார்கள். என் கணவரை எடுத்த பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.