இரண்டாவதாக வருகிறவளுக்கு வசனம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு இரண்டு மகள்கள் என்று ஆரம்பித்தாலே போதும், எந்த மகள் கடைசிவரை இருப்பாள், எந்த மகள் பாதியில் காணாமல் போவாள் என்று கேட்கிற குழந்தைக்கே தெரிந்துவிடும். அப்படிக் காணாமல் போகிறவளுக்குப் பேச்சு எழுதுவதுதான் என் தொழில்.

பாலக்காட்டில், கல்பாத்திக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் செய்கிறோம். நான் வசனம். கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்ததால் எனக்குக் கேட்க வரும், சொல்ல வராது. குரலும் சன்னம். "நீ எழுதறதாச்சும் கேக்குமா?" என்று எங்கள் ஊட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

தொடரின் கதை எளிது. மலைச்சரிவில் பேரிங் வண்டிப் பந்தயம். பலகைக்கு அடியில் பழைய பேரிங்குகளைச் சக்கரமாக மாட்டி, உட்கார்ந்து, கீழே விட வேண்டியதுதான். நாயகி பெயர் தேனு. அவளோடு போட்டி போடுகிறவள் வேணி. வசனம் எழுதிப் பிழைக்கிற சக பாவிகளே, பள்ளிக்கூடத்தில் எப்போதும் இரண்டாவதாகவே வந்தவர்களே, வேணியைப் பற்றி உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கம்பம்

முதலில் எழுதிய கதையில் வேணி முறைப்பாள், கேலி செய்வாள், தோற்பாள். வேறு வேலை கொடுக்கவில்லை. இயக்குநர் ராமநாதன் அண்ணா கல்பாத்திக்காரர். காபியை ஆற்றிக்கொண்டே படித்தார். எந்தப் பக்கத்தையும் குறை சொல்லவில்லை. படித்து முடித்து, "இந்த வேணி எதுக்குடா இருக்கா?" என்றார்.

"தேனு ஜெயிக்கறதுக்குங்ணா."

காபியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்கு ஒரு கம்பம் நட்டாப் போறுமேடா, கேட்டயோ. அதைத் தாண்டினா ஜெயிச்சாச்சு. பொண்ணு எதுக்கு?"

பல்

வேணிக்குக் குரல் தேடினபோது மூணாற்றிலிருந்து செல்வராணி அக்கா வந்தார். அங்கே டீத்தூளும் சாக்லேட்டும் விற்கிற ஒரு கடையில் வேலை. தெருவில் போகிற சுற்றுலாக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே குரல் உரமேறியவர். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் பிடித்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல், வேலை எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ராமநாதன் அண்ணா மறைக்கவில்லை. இந்தத் தொடர் மட்டும் உறுதி. அடுத்த தொடர் வந்து, அதில் வேணியும் இருந்தால் மேற்கொண்டு வேலை உண்டு. சேனல்காரர்கள் வேணியை வெட்டிவிட்டால் பழையபடி கடைதான். "கடையில எங்குரல கேட்டா ஆளுக வேகமா நடந்து போயிருவாக. இங்க உக்காந்து கேக்கீக. அதுக்காகவாச்சும் இருக்கணும் சார்" என்றார் அக்கா.

சோதனைக்கு ஒரு காட்சி கொடுத்தேன். தேனு வண்டியிலிருந்து விழுகிறாள், வேணி சிரிக்கிறாள். அக்கா மைக் முன்னால் போய் நின்றார். சிரிப்பு வரவில்லை. என்ன என்று கேட்டேன். "இவ போன பந்தயத்துல தோத்தவதான? தோத்தவ இப்பிடியா சிரிப்பா? பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பா." நியாயமாகப் பட்டது. சிரிப்பை அடித்துவிட்டு 'பல்லைக் கடிக்கிறாள்' என்று மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பல்லக் கடிச்சா மைக்குல சத்தம் வராது. அதுக்கு ஈடா ரெண்டு வசனம் எழுதிப் போடுங்க தம்பி."

வாசி

தோற்ற பிறகு வேணி மனதில் என்ன இருக்கும்? 'வேணிக்கு வாசி ஏறுகிறது' என்று குறிப்பு எழுதினேன். எங்கள் பக்கம் எல்லார் வாயிலும் இருக்கிற சொல். அது மலையாளத்திலிருந்து வந்து எங்கள் பேச்சில் குடியேறியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. சேனலின் பொறுப்பாளர் நந்தினி மேடம் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் வந்தார். "வேணி என்ன வாசிக்கிறா? புக்கா, புல்லாங்குழலா?"

பொறாமை இல்லைங்க மேடம் என்று ஆரம்பித்தேன். பொறாமைக்காரிக்குத் தேனு தோற்றால் போதும். வாசி பிடித்தவளுக்கு அது போதாது. தேனு நன்றாக ஓட்ட வேண்டும், அப்புறம் தோற்க வேண்டும். ராமநாதன் அண்ணா உதவிக்கு வந்தார்: "அண்ணா ஆறு தோசை சாப்ட்டான்னா தம்பி ஏழாவதுக்குத் தட்டை நீட்டுவன் பாருங்கோ, அது பசியில்லை. வாசியாக்கும்." பின்னாலிருந்து செல்வராணி அக்காவும் தலையை நீட்டினார்: "எங்க பக்கம் காச்சல் கொறஞ்சாலும் 'இன்னைக்கு வாசி'ம்பாக மேடம்." அது வேறு வாசி என்று அவருக்கு யார் சொல்வது?

மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ரொம்ப அழகா இருக்கு. எனக்குப் புரிஞ்சுது. ஆனா பார்க்கிறவங்களுக்குப் புரியாது. பொறாமைன்னே மாத்திடுங்க."

எதிரில் யாரும் இல்லாத நாள்

சொல்லை எடுத்துவிட்டேன். வேணியிடமிருந்து வாசியை எடுக்க மனம் வரவில்லை. ஆனால் அதைக் காட்சியில் எப்படிக் காட்டுவது என்றும் தெரியவில்லை. காட்டித் தந்தது எங்கள் ஒலிப்பதிவு அறை. தேனுவுக்குக் குரல் கொடுப்பவள் வித்யா. கல்பாத்திப் பெண், கல்லூரியில் படிக்கிறாள், பாட்டு கற்றவள். செல்வராணி அக்கா பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். வித்யா பேசினால் மைக்குக்கு வலிக்காது. இருவரும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். தபால்காரன் நான். "அந்தப் பாப்பாட்ட சொல்லுங்க தம்பி, அழுகிற வசனத்துக்கு முந்தி எச்சி முழுங்குதது கேக்குன்னு." "அவாகிட்ட சொல்லுங்கோ அண்ணா, பேப்பரைத் திருப்பற சத்தம் கேக்கறதுன்னு."

இரண்டு புகாரும் உண்மை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டுமே கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். தோழி நம் முகத்தைப் பார்ப்பாள். போட்டிக்காரி நம் சக்கரத்தைப் பார்ப்பாள். அன்றைக்கே ஒரு காட்சி எழுதினேன். பந்தயத்துக்கு முன்னால் எல்லார் எதிரிலும் வேணி கத்துகிறாள்: "ஏய் தேனு, உன் எடது சக்கரம் அழுவுதே, காது கேக்கலையா? மாத்திட்டு வா. நொண்டி வண்டிய முந்திட்டு நான் எங்க போய்ப் பெருமை பேசறது?" திட்டுதான். உதவியும் அதுவேதான். கம்பம் மெதுவாகப் பெண்ணாகிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மண் சரிந்து மலைப் பாதை அடைபட்டு, செல்வராணி அக்கா வரமுடியவில்லை. வித்யா தனியாகப் பேசினாள். உச்சரிப்பில் குற்றமில்லை, உயிர்தான் இல்லை. மறுபடி, மறுபடி என்று எடுத்துப் பார்த்தோம். கடைசியில் அவளே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டாள்: "செல்வராணி அக்கா வரட்டும் அண்ணா. எதிர்ல யாருமே இல்லாம நான் யாரை ஜெயிக்கறது?"

மறையூரில்

எங்கள் தொழிலில் முதலில் குரல், பிறகுதான் படம். நடுவில், பென்சில் கோட்டுப் படங்களைக் குரலோடு ஓட்டிக் குழந்தைகளுக்குக் காட்டி, எங்கே நெளிகிறார்கள் என்று பார்ப்போம். மறையூரில் ஒரு கூடத்தில் காட்டினோம். தேனு ஜெயித்தபோது கைதட்டல் வந்தது. என்ன பிடித்தது என்று கேட்டேன். எல்லாரும் 'தேனு' என்றார்கள். செல்வராணி அக்காவும் எங்களோடு வந்திருந்தார். முகம் சுருங்கிவிட்டது. வேணி பெயரை ஒரு குழந்தையும் சொல்லவில்லை.

சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது பின்பக்கம் ஒரே சண்டைச் சத்தம். வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைக்குப் பின்னால் உள்ள சரிவில் இரண்டு சிறுமிகள், ஒரு பலகை, யார் யாராக இருப்பது என்று தகராறு. தேனுவாக இருக்க இருவருமே தயாரில்லை. ஒருத்தி பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுகிற குரலில் சொன்னாள்: "போன ஆட்டத்துலயும் நாந்தான் தேனு, நல்லவளாவே இருந்தேன். இப்ப நான் திட்டணும்."

இரண்டு வழி

மறையூர்க் கதையை நந்தினி மேடத்திடம் ஆசையாகச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு சேனலின் முடிவைச் சொன்னார். கடைசிப் பந்தயத்தில் தேனு ஜெயித்துக் கோப்பை வாங்குகிறாள். அதன் பிறகு வேணிக்கு இரண்டே வழி. ஒன்று, கைதட்டி 'வாழ்த்துகள்' சொல்லி, தேனுவின் தோழியாகிவிட வேண்டும். அடுத்த தொடரில் 'சரி தேனு', 'ஆமா தேனு' என்று கூடவே இருக்கலாம். இல்லாவிட்டால் அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு பஸ் ஏற வேண்டும். முறைத்துக்கொண்டே நிற்கிற பெண்ணை அடுத்த தொடருக்குக் கொண்டுபோக முடியாது. மேடம் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

செல்வராணி அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரித்தது கையிலேயே இருந்தது. "வேணிய பஸ்ஸுல ஏத்துனா நானும்லா ஏறணும்" என்றார். பிறகு ஒரு சுளையை என்னிடம் நீட்டினார். "கைதட்டுததாவே எழுதுங்க தம்பி, எனக்கு இந்த வேல வேணும். ஆனா பாத்துக்கிடுங்க, கைதட்டுதது வேணி இல்ல. வேணி சட்டைய மாட்டிக்கிட்டு வேற எவளோ வந்து தட்டுதா."

வாழ்த்துகள்

நான் எழுதியது இவ்வளவுதான். வேணி: "வாழ்த்துகள் தேனு." தேனு: "நன்றி வேணி." முடிவு. ஒலிப்பதிவு மதியம். நந்தினி மேடம் திரையில் இருந்தார். செல்வராணி அக்கா முதல்முறை பேசினார். கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிறபோது சொல்கிற நன்றி மாதிரி இருந்தது. "நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் மனசாரச் சொல்லுங்க" என்றார் மேடம்.

இரண்டாம் முறை. "வாழ்த்துகள் தேனு" என்றார் அக்கா. நிஜமாகவே மனசாரத்தான் சொன்னார். தொடரும் முடிந்தது, வேணியும் முடிந்தாள் என்று நான் பேனாவை மூடினேன். ராமநாதன் அண்ணா பதிவை நிறுத்தக் கையை நீட்டினார். அக்கா மைக்கை விட்டு நகரவில்லை. தாளைப் பார்க்கவும் இல்லை, எதிரில் நின்ற வித்யாவைப் பார்த்தார். "கோப்பையத் தொடச்சு வையி. அடுத்த வருசம் நான் வந்து தூக்குறப்ப தூசி இருக்கக் கூடாது."

ராமநாதன் அண்ணாவின் கை அந்தரத்தில் நின்றது. வித்யா கையிலிருந்த தாளில் 'நன்றி வேணி' என்று இருந்தது. இந்தத் தொடர் முழுக்கத் தேனு ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. நான் பேச விட்டதில்லை. வித்யா ஒரு அடி முன்னால் வந்தாள். "தொடைக்க மாட்டேன். வேணும்னா நீயே வந்து தொடைச்சுக்கோ." இத்தனை நாளும் என் வழியாகவே பேசிக்கொண்ட இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது ஸ்கிரிப்ட்ல இல்லையே" என்றது திரை. "வாழ்த்துகள் இருக்கே மேடம், நீங்க கேட்டது" என்றார் ராமநாதன் அண்ணா. மேடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். இரண்டாம் தடவை தேனுவின் பதில் வந்தபோது, அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு பேருமே இப்படியே இருக்கட்டும். மேலே நான் பேசிக்கறேன். அடுத்த தொடர்ல யார் ஜெயிப்பான்னு மட்டும் எனக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்று திரையிலிருந்து மறைந்தார்.

வித்யா கிளம்பினாள். ராமநாதன் அண்ணா காபிக்குப் போனார். பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் செல்வராணி அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கினார். இனி இங்கே வந்துகொண்டிருக்கலாம் என்பதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நின்று, தலையை மட்டும் திருப்பினார். "தம்பி, அந்தப் பாப்பா 'தொடைக்க மாட்டேன்'னுட்டாள்லா? பொள்ளாச்சி போறதுக்குள்ள அதுக்குப் பதில் எனக்கு வந்துரும். போன் போடுவேன், மறக்காம எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

தொடரின் முடிவில் 'வசனம்' என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர் வரும். அந்த இடத்தை மட்டும் தயவுசெய்து கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுங்கள்.