இரண்டங்குல மச்சான்

வாயில் ஒரு கால் இருக்கும்போது அவரோடு பேசக்கூடாது. பேசினால் பதில் சொல்வார், பதில் சொன்னால் கால் கீழே விழும், விழுந்த காலைத் தேடி நாமும் தரையில் தவழ வேண்டும். நான் தவழ்ந்திருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே வெட்டிய பிளாஸ்டிக் கால், அரை அங்குலம்கூட இருக்காது. மேசைக்கடியில் கிடைத்திருக்கிறது, துடைப்பத்துக்குள் கிடைத்திருக்கிறது, ஒரு தடவை அவர் மனைவியின் கொண்டையில் இருந்து எடுத்தோம்.

கடைத்தெருவில் அவர் கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் மாட்டுவார், கழன்ற திருகை முடுக்குவார், காதுக்குப் பின்னால் உறுத்தும் கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பார். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பின்னறையில் வேறு உலகம். ஒரு ரயில் நடைமேடை, ஒரு துணிக்கடை, மழையில் ஒரு தெருமுனை என்று எதையாவது அப்படியே சின்னதாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். கேட்டு வாங்கிப்போக ஆட்கள் உண்டு. கட்டிடத்தை அட்டையும் மரச்சீவலும் இருந்தால் யாரும் செய்துவிடலாமாம், மனிதர்கள்தான் பாடு என்பார். இரண்டங்குல உயரத்தில் பொம்மைக்கடையில் கிடைக்கிறவர்கள் எல்லாரும் சிப்பாய்கள். அந்தச் சிப்பாய்களை வாங்கி, வெட்டி, வளைத்து, ஊருக்குள் குடிவைக்கிறார்.

குண்டு வீசுகிறவன் அவரிடம் வந்தால் ஸ்பேனர் நீட்டுகிறவனாகிவிடுவான். மண்டியிட்டுச் சுடுகிறவன் டயர் கழற்றுவான். இரண்டு கையையும் தூக்கிச் சரணடைகிறவனின் முதுகைக் கொஞ்சம் வளைத்தால் போதும், சோம்பல் முறிப்பான். தூக்குப்படுக்கையில் கிடக்கிற காயம்பட்டவனுக்கு ரத்தத்தைச் சுரண்டிவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் மதியத் தூக்கம் போட இடம் கொடுப்பார். அவர் பின்னறையில் போர் என்றைக்கோ முடிந்துவிட்டது. துப்பாக்கிகள் மட்டும் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.

வேலையில் ஒரு வரிசை வைத்திருக்கிறார். முதலில் இடுப்பு, பிறகு கழுத்து, கை கடைசியில்தான். மெல்லிய ரம்பத்தால் இடுப்பை அறுத்து, உள்ளே குண்டூசித் துண்டு ஒன்றைச் செருகி, ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து ஒட்டுவார். முழங்கால் மடங்க வேண்டுமானால் பின்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு வெட்டு. விட்டுப்போன இடமெல்லாம் பட்டி வைத்து இழைப்பார். முகத்தில் மட்டும் ஒன்றும் செய்யமாட்டார். ஒரு நாள் கேட்டேன்.

"முகத்தை விடுங்க சார். இந்த அளவுல மூஞ்சி ஒரு மிளகு. பாரம் எந்தக் கால்ல நிக்குது, தோள் எந்தப் பக்கம் சாயுது, அதான் ஆளு. அத மட்டும் புடிச்சிட்டா தெருக்கோடியில போறவனக்கூட இன்னார்னு சொல்லிடலாம்."

அதனால் ஆட்களைப் பார்ப்பது அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் தன் பஸ்ஸை விட்டுவிட்டு, நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்கு வருகிறவர் கண்ணாடியை நீட்டுவார், இவர் அவர் முட்டியைப் பார்ப்பார். ஒரு அம்மாள் சங்கடப்பட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டு போனதும் உண்டு. "இவருக்கு ஆள் செத்தாலும் எப்படி விழுந்தான்னுதான் தோணும்" என்று அவர் மனைவி சொல்வதை நான் முதலில் கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அவர் அப்படிப் பார்ப்பதில்லை. கடையில் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். ஃபிரேமை மாட்டிவிடும்போதுகூட வந்தவரின் காதைப் பார்க்கிறாரே ஒழிய, ஆளைப் பார்ப்பதில்லை. இதற்குக் காரணம் அவருடைய மச்சான். இன்னும் சரியாகச் சொன்னால், இரண்டங்குல மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகும் 'டா' போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வந்து, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "என்னடா மாப்ள, உன் பட்டாளம் என்ன சொல்லுது?" என்பார். பஸ் டிப்போவின் பழுதுபார்க்கும் ஷெட்டில் ஸ்டோர், அதாவது சாமான் கிடங்கு, பார்த்தவர். ஷெட்டில் எல்லாருக்கும் அவர் 'ஸ்டோரு'. பழைய ஷெட்டை இடித்துவிட்டார்கள். ஓய்வுபெற்றவர்களின் சங்கத்தில், அந்த ஷெட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எங்க மாப்ள செய்வாரு என்று முதலில் கையைத் தூக்கியவரும் ஸ்டோருதான்.

கண்ணாடிக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார். தகரக் கூரையில் துருவைக்கூட விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு மேனேஜர் அறைக் கதவின் பக்கம் ஒரு மூலை காலியாகத் தெரிந்தது. விறைப்பாக நின்ற காவல் சிப்பாய் ஒருவன் மிச்சம் இருந்தான். துப்பாக்கியை எடுத்தார். இடுப்பை அறுத்து வலப்பக்கம் இறக்கினார். கழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். கைகள் இரண்டையும் வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து ஒரு தொப்பியைப் பிடிக்க வைத்தார். இடது பாதத்தை அறுத்து வலது பாதத்தின் மேல் வைத்தார். வலது காலுக்குச் செருப்பு, இடது காலுக்குத் தோல் நிறம்.

"எடம் காலியா இருந்துச்சு. ஒருத்தன் நின்னா நல்லாயிருக்கும்னு தோணுச்சு. கை பாட்டுக்கு செஞ்சிடுச்சு" என்றார் என்னிடம். கை தன் பாட்டுக்குச் செய்யாது என்பது எனக்குத் தெரிவதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்துவைத்த அன்று சங்கத்துக் கூடத்தில் கூட்டம். ஆளாளுக்குக் குனிந்து, இது நீ, அது நான் என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்றவனைக் கண்டதும் ஒரு மெக்கானிக் சிரித்துவிட்டார். அட, இது நம்ம ஸ்டோரு. கம்பிச் சுருள் காணாம போன அன்னிக்கு நின்னானே, அப்படியே நிக்கிறான் பாரு. தெரியாதவர்களுக்கும் கதை சொல்லப்பட்டது. செம்புக் கம்பிச் சுருள் ஒன்று கிடங்கில் இல்லை. மேனேஜர் ஸ்டோரைத் தன் கதவுக்கு வெளியே நாள் முழுக்க நிறுத்திவைத்தார். சாயங்காலம் சுருள் அடுத்த ஷெட்டில் அகப்பட்டது, எடுத்துப்போனவர்கள் சொல்ல மறந்திருக்கிறார்கள். மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்டோரும் சேர்ந்துதான் சிரித்தார். அதுவரைக்கும் எல்லாம் சரியாகவே போனது. தன்னைத் தானே நன்றாகப் பார்க்கலாம் என்று, மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு, பெட்டியின் கேட் பக்கமாகப் போய்க் குனிந்தார்.

நிஜ ஷெட்டிலும் சரி, பெட்டிக்குள்ளும் சரி, மேனேஜர் கதவுக்கு முன்னால் டயர்கள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு அங்கே நிற்கிறவரின் மேல்பாதிதான் தெரியும். பாதம் தெரிய வேண்டுமென்றால் கேட்டில் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு அந்தக் கதவின் முன்னால் நின்றபோது ஸ்டோரின் இடது செருப்பு வார் அறுந்துவிட்டது. திருடன் என்று நிற்கிறோம், இதில் செருப்பும் அறுந்ததா என்று, அதை யாருக்கும் தெரியாமல் டயருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கொதிக்கிற சிமெண்ட் தரையில் ஒரு காலை மறுகாலின் மேல் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எல்லாரும் போன பிறகு செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இதைத் தங்கையிடம்கூட அவர் சொன்னதில்லை.

ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்து பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேலை நல்லா இருக்குங்க" என்றார்.

அந்த 'ங்க' வந்ததும் கண்ணாடிக்காரருக்குப் புரிந்துபோயிற்று. கையும் களவுமாகப் பிடிபட்டது டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றவர் இல்லை.

கம்பி காணாமல் போன அன்றைக்குக் கண்ணாடிக்காரரும் ஷெட் கேட் வரைக்கும் போயிருந்தார். மச்சானின் படிக்கிற கண்ணாடியைப் பழுதுபார்த்து எடுத்துக்கொண்டு, நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று. கதவோரம் நிற்கிறவரைப் பார்த்தார். என்ன விஷயம் என்று விசாரித்தபோது வாட்ச்மேன், ஸ்டோர்காரன் கம்பியைத் தூக்கிட்டான் என்றான். பிறகு, நீங்க யாரைப் பார்க்கணும் என்று கேட்டான். யாரையும் இல்ல, சும்மா வந்தேன் என்றார் கண்ணாடிக்காரர். மறுநாள் மச்சான் வீட்டில் கண்ணாடியைக் கொடுத்து, நேத்து கடையில கூட்டம், வரமுடியல என்று பூசி மெழுகிவிட்டார்.

"எடுத்திருப்பாரோன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன் சார். அதக்கூட மன்னிச்சிடலாம். நான் திரும்பிப் போகவே இல்ல, கேட் தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். வெக்கமா இருந்துச்சு, அழுகைகூட வந்துச்சு. ஆனா கண்ணு பாட்டுக்கு அளவு எடுத்துட்டே இருக்கு. பாரம் வலது கால்ல. தோள் இடப்பக்கம். கால் மேல கால். நம்ம ஆளு அங்க நிக்கிறாரு, நான் இடுப்பு எவ்வளவு சாயுதுன்னு பார்க்கிறேன்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கூசியது. கதை எழுதுகிற என் தொழிலும் ஏறக்குறைய அதுதானே.

மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கத்தவில்லை. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, சொல்ல வேண்டியவர்கிட்ட சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். சொல்லத்தான் மச்சான் வீட்டுக்குப் போனார். அங்கே வாங்க, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்று ஒரே மரியாதை. அந்த மரியாதைக்கு முன்னால் வாய் எழவில்லை. வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். ஸ்டோரும் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வாசலறையில் தங்கையோடு பேசிவிட்டு, பின்னறைப் பக்கம் எட்டிப்பார்க்காமல் கிளம்பிவிடுகிறார். ஒரு வீட்டுக்குள் இப்படி முகம் கொடுக்காமல் இருப்பது வெளிச்சண்டையைவிடக் கொடுமை.

பொம்மையை எடுத்துவிடுகிறேன் என்று சங்கத்தில் கேட்டுப் பார்த்தார். செயலாளர் விடவில்லை. மத்தவங்கள்லாம் பொம்மை, அந்த ஒருத்தன்தான் உசுரோட இருக்கான், அவனையா எடுப்பீங்க என்றாராம். அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிட்டதையும் கண்ணாடிக்காரர் எனக்குச் சொன்னார். சொல்லும்போது காது மடல் சிவந்திருந்தது.

பிறகுதான் தன்னையே ஒரு பொம்மையாகச் செய்ய உட்கார்ந்தார். ஊரில் எத்தனையோ பேரை நிறுத்தியவருக்குத் தான் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, நான் எப்படி நிப்பேன் என்று கேட்டிருக்கிறார். நிமிர்ந்து நிக்கமாட்டீங்க என்று பதில் வந்தது. முதலில் செய்த பொம்மை ஷெட்டுக்குள் மச்சானை நோக்கிக் கை நீட்டியபடி நடந்தது. நல்ல நடை, வேகம் இருந்தது. பெயிண்ட்கூட அடித்துவிட்டார். நான் பாராட்டினேன். அவர் கட்டரை எடுத்து அதன் கழுத்தை நறுக்கினார். அன்னிக்கு நடக்காதது என்றார்.

இரண்டாவது பொம்மை ஷெட்டுக்கு முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு வெளியே நடக்கிறது. கையில் அரிசியளவு மூக்குக்கண்ணாடிக்கூடு.

அதை வைக்கப்போன அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலை வேளை, கூடத்தில் நாற்காலிகள் மட்டுமே இருந்தன. மனைவி சொல்லி அனுப்பியதால் ஸ்டோரும் வந்திருந்தார். வாங்க என்று கைகூப்பினார். நானும் செயலாளரும் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோம். கண்ணாடிக்காரர் பொம்மையின் காலடியில் பசை தொட்டார். காயக் கொஞ்சம் நேரமெடுக்கும் பசை அது. இடுக்கியால் பிடித்து, கேட் தூணின் பக்கம், முதுகு ஷெட்டைப் பார்க்க நிறுத்தினார். இரண்டு தடவை தவறியது.

"அது நான்தான் மச்சான்" என்றார். "கண்ணாடி குடுக்க வந்தேன். யாரைப் பார்க்கணும்னு வாட்ச்மேன் கேட்டான். யாரையும் இல்லன்னுட்டேன்."

ஸ்டோரு பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"வந்த உடனே திரும்பிட்டீங்களா?"

"இல்ல. ரொம்ப நேரம் நின்னேன்."

"பார்த்துக்கிட்டா?"

கண்ணாடிக்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். "பார்த்துக்கிட்டுத்தான்."

ஸ்டோரு சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பெட்டிக்குள் கையை விட்டு, டயர் அடுக்கில் படாமல் கேட் வரைக்கும் கொண்டுபோய், பசை காய்வதற்குள் அந்தச் சின்ன ஆளை ஒரு விரலால் மெதுவாக ஷெட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்.