எண்ணெய்த் தொட்டிச் சத்தமும் என் மனைவியின் ஒப்பாரியும்

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் காலி எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கித் துரு தட்டுவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் ஒரு அடி அடித்தால் அந்தச் சத்தம் தொட்டிக்குள் எப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நின்று கேட்டவன் அங்கே நான் ஒருவன்தான். அந்த மாதிரி இருண்ட சத்தங்களோடு நாட்டுப்பாட்டைக் கலக்கும் இசைக்கு இன்றைக்கு டார்க் ஆம்பியண்ட், நியோ ஃபோக் என்று பெயர் சொல்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் பெயர் தெரியாமலே அதைச் செய்தவன் நான்.

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். நான் அறைக் கோடியில் தொங்கவிட்ட இரும்புத் தகட்டைத் தட்டுவேன். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் நண்பர் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்திருப்பார். "பூசையில பத்துப் பாட்டு வாசிக்கிறேன். உங்க வீட்டுக்கு வந்தா ஒரு விரலுக்குத்தான் வேலை" என்பார். பாடுவது என் மனைவி. ஜோகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்.

முதல் கேசட்டில் தோட்டத்துப் பாட்டுகள். தேக்காவில் ஒரு கேசட் கடைக்காரர் இரண்டு நிமிடம் கேட்டார். "அண்ணே, இதப் போட்டா வர்ற ஆளும் ஓடிடும் லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்களே பிரதி எடுத்துக் கைக்குக் கை கொடுத்தோம். ஊரின் மறுபக்கம் கேலாங் வரைக்கும் போனது.

இரண்டாவது கேசட்டுக்கு ஒப்பாரி வேண்டும் என்றேன். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது என்று அவள் ஒரு மாதம் மறுத்தாள். நான் விடவில்லை. ஒரு ஞாயிறு மதியம் சம்மதித்தாள். இருப்பதிலேயே நல்லது புருஷனுக்கு வைக்கும் ஒப்பாரிதான் என்று அதையே கேட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள் பாருங்கள், தகடு தட்டுவதையே மறந்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கைலியோடு போய்த் திறந்தேன். எதிர்வீட்டு டாக்சிக்காரர் கையில் மாலை. பின்னால் ஏழெட்டுப் பேர்.

"அண்ணே... நீங்களா? அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகலய்யா. ரெக்கார்டிங்."

"என்னண்ணே நீங்க! கீழ சாவுக்கு வர்றவங்க உக்கார நாலு மேசை போட்டாச்சு லா!"

நண்பர் ஆர்மோனியத்தின் மேல் கவிழ்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல தாலிய வச்சுக்கிட்டு உங்களுக்கே ஒப்பாரி வச்சிட்டேன். மாலையும் வந்திருச்சு. இனி என்னைக் கேக்காதீங்க."

அந்த நாடாவை அவளே அழித்தாள். அதன்பிறகு தினமும் நான் வேலை முடிந்து வரும்வரை வாசலில் நின்றாள். விஷக்காற்று தேங்கும் தொட்டிக்குள் இறங்கும் வேலை அல்லவா. பேருந்து தாமதமானால் சாப்பாடு அப்படியே ஆறிக் கிடக்கும். அவள் குரல் இல்லாமல் நானும் நண்பரும் முயன்றோம். தகர டப்பாவை உருட்டியது போல இருந்தது.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்துக் கேட்டேன். "பாட்டுல சொல்லே வேண்டாம். முனகு, போதும்."

"சொல்லு இல்லன்னா மட்டும் அது ஒப்பாரி இல்லையா?"

"தாலாட்டுக்கும் அதே முனகல்தானே?"

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க என் எதிர்ல உக்காரணும். நீங்க மூச்சு விடறது எனக்குத் தெரியணும். எந்திரிச்சா நிறுத்திருவேன்."

அப்படித்தான் பதிவு செய்தோம். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினேன். அவள் முனகல் கப்பலின் அடிவயிற்றிலிருந்து வருவது போல இறங்கியது. எண்பதுகளில் புக்கிட் பாத்தோக்கிலிருந்து சீனப் பையன்கள்கூட அந்தக் கேசட்டைத் தேடி வந்தார்கள். அதிலும் அதற்குப்பின் செய்த நான்கு கேசட்டுகளிலும் இரும்புச் சத்தமே கிடையாது. வயது ஏற ஏற என் இசை அடங்கிப் பக்குவப்பட்டது என்று சிலர் பாராட்டுகிறார்கள். நான் மறுத்ததில்லை. தகடு அறையின் மறுகோடியில் இருந்தது, அவள் முனகி முடிக்கும்வரை எழுந்து போக எனக்கு அனுமதி இல்லை.